பையில் வரும் தண்ணீர்

"முன்னாள் எம்.எல்.ஏ. வடிவம்மாள்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். முன்னாள் என்பது பொய்யில்லை. ஆனால் சொல்கிறவன் அந்த முதல் சொல்லை அழுத்திச் சொல்லிவிட்டு, மற்றதைப் போகிற போக்கில் விட்டுவிடுவான். அக்காவுக்கு அந்தக் கோபமெல்லாம் கிடையாது. தோற்றுப்போன மறுவாரமே என்னைக் கூப்பிட்டு, வீட்டில் மிச்சமிருந்த லெட்டர்பேடுக் கட்டைக் காட்டி, "ஏலே முருகா, இம்புட்டுத் தாளையும் வீணாக்கவா? 'முன்னாள்'னு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு கொண்டா" என்றார். செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து தன் கையாலேயே 'சட்டமன்ற உறுப்பினர்' என்ற எழுத்துக்கு முன்னால் அதைக் குத்திக் குத்தி, ஊருக்கெல்லாம் மனு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்தக் கட்டு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஸ்டாம்பு இன்னும் அவர் பையில் இருக்கிறது.

நான் செந்தில்முருகன். அக்கா சட்டமன்றத்தில் இருந்த ஐந்து வருஷமும் அவருக்கு உதவியாளராக இருந்தவன். இப்போது எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி கலையரசி டைப் அடிப்பாள், நான் பிரதி எடுப்பேன். அக்கா ஏன் தோற்றார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஜாதி என்பான் ஒருத்தன். கட்சிக்குள்ளேயே குழி பறித்தார்கள் என்பான் இன்னொருத்தன். எல்லாம் சும்மா. அக்கா தோற்றது நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில், அதுவும் என் வாயால். போன ஐப்பசி வரைக்கும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கலையரசியிடம்கூட.

அக்கா எம்.எல்.ஏ. ஆனதே ஒரு கூத்து. நடவுக்குப் போகிற பெண்களுக்கு முன்னால் நின்று குலவை போட்டுக்கொண்டிருந்தவர் அவர். படிப்பு அஞ்சாம் வகுப்பு. வார்டு உறுப்பினர், பிறகு இரண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவர். சட்டமன்றத் தேர்தலில் கட்சி நிறுத்தியது எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு பெரிய மனிதரை. வழக்கப்படி மாற்று வேட்பாளர் என்று ஒருவரும் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் அல்லவா, அதற்குக் கையெழுத்துப் போட வந்தவர்தான் அக்கா. பரிசீலனை அன்றைக்கு மில்காரர் மனுவில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் கிடந்தது. மனு தள்ளுபடி. வயலில் நின்றுகொண்டிருந்த அக்காவிடம் ஓடிப்போய், "யக்கா, நீங்கதான் வேட்பாளர்" என்று மூச்சு வாங்கச் சொன்னவன் நான்தான். அவர் கையிலிருந்த நாற்றுக் கட்டைக் கீழே போடவில்லை. "இந்த வரிசைய முடிச்சுட்டு வாரேன், இருலே" என்றார்.

ஜெயித்தார். ஜெயித்த பிறகும் அப்படியேதான் இருந்தார். மனு கொண்டுவருகிற யாரிடமிருந்தும் தாளை உடனே வாங்க மாட்டார். "வாயால சொல்லு. தாளு அங்கனயே இருக்கட்டும்" என்பார். சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சொன்னவர் எந்த வார்த்தையைச் சொன்னாரோ அந்த வார்த்தையிலேயே எழுதச் சொல்வார். "மக்கள் பெரிதும் அவதியுறுகின்றனர்" என்று நான் எழுதினால், "அவதியா? அவ அப்படியா சொன்னா? 'இடுப்பு ஒடியுது'ன்னுலா சொன்னா. அதைப் போடு" என்று அடிக்கச் சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும். கோட்டையில் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்களா என்று தோன்றும். உள்ளுக்குள் அக்காவுடைய பேச்சைப் பற்றி எனக்கு ஒரு வெட்கம் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன செய்ய.

உவரியிலிருந்து மீன் கொண்டுவருகிற சாலோமி ஒரு நாள் வந்து அழுதாள். காலைப் பஸ்ஸில் மீன்கூடையை ஏற்ற விடுவதில்லை, நாற்றம் என்று இறக்கிவிடுகிறார்கள், சந்தைக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை என்று. நான் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தேன். அக்கா, "எழுத வேண்டாம், நாளைக்கு அந்தப் பஸ்ஸுல ஏறுவோம்" என்றார். ஒரு வாரம், தினமும் விடிந்ததும், கடைசி இருக்கையில் சாலோமியின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. பயணம் செய்தார். கண்டக்டர் இரண்டாம் நாள் முணுமுணுத்தார், நான்காம் நாள் கூடையைத் தூக்கி ஏற்றிவிட்டார். இன்றைக்கும் அந்தப் பஸ்ஸில் கூடை ஏறுகிறது. அந்த ஒரு வாரமும் என் சட்டையில் ஏறிய மீன் வாடை மட்டும் துவைத்தும் போகவில்லை.

இத்தனை செய்தவருக்கு ஒரே ஒரு குறை, பரம்பங்குளம். எங்கள் தொகுதியின் கடைக்கோடியில், செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டி இருக்கிற குளம் அது. குளத்தின் பெயர்தான் ஊருக்கும். மணிமுத்தாறு அணையில் தண்ணீர் திறந்தால் கால்வாய் வழியாக ஒவ்வொரு குளமாக நிரப்பிக்கொண்டு, கடைசியில் இங்கே வந்து சேர வேண்டும். வந்து சேராது. கடைசி மூன்று கிலோமீட்டர் மண் மேவிக் கிடக்கிறது. கால் விரலை நனைக்கிற அளவுக்கு ஊர்ந்து வரும், நடுவழியில் நின்றுவிடும். அந்த ஊர்க்காரர் பூதத்தான், "எங்க குளத்துக்குத் தண்ணி வாரதுக்குள்ள என் பேரனுக்குக் கல்யாணம் ஆயிரும்" என்பார். பேரன் அப்போது தொட்டிலில் கிடந்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மானியக் கோரிக்கை விவாதத்தில் அக்காவுக்கு ஆறு நிமிடம் கிடைத்தது. ஆறு நிமிடமும் பரம்பங்குளத்துக்கே கொடுத்தார். "எங்க கடைசிக் குளத்துக்குத் தண்ணி பையதான் வருது. பைய வார தண்ணி வழியிலயே தீந்துபோவுது. இந்தக் கொறையத் தீத்துத் தரணும்" என்று கேட்டார். அமைச்சர் எழுந்து, "உறுப்பினர் சொன்ன குறை தீர்க்கப்படும்" என்றார். சபையில் அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. பதிவேட்டில் ஏறிவிடும், நிறைவேற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஏன் நிறைவேற்றவில்லை என்று கேட்க ஒரு குழுவே இருக்கிறது. அன்றைக்கு அக்கா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. எம்.எல்.ஏ. விடுதி அறைக்கு வந்ததும் பூதத்தானுக்குப் போன் போட்டு, "வே, பேரனுக்குப் பொண்ணு பாரும்" என்றார்.

மறுநாள் அக்கா ஒரு துக்கத்துக்காக ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். நான் சென்னையில் இருந்தேன். திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது போன் வந்தது. சபையில் பேசியதை எழுதி எடுக்கிறவர் கூப்பிட்டார். நல்ல மனிதர், பட்டணத்துக்காரர். அக்கா பேச்சில் இரண்டு சந்தேகம் என்றார்.

"கடைசிக் குளம்னா எந்தக் குளம் சார்?"

"பரம்பங்குளம். 'கடைசிக் குளமான பரம்பங்குளத்திற்கு'ன்னு போட்டுக்கோங்க" என்றேன். எனக்கு நல்ல தமிழ் எழுதத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு.

"சரி. அப்புறம், தண்ணி பையிலதானே வருது?"

பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. என் காதில் விழுந்தது, "தண்ணி பையதானே வருது?" என்றுதான்.

"ஆமா சார், பையதான் வருது. ரொம்பப் பைய" என்றேன்.

மெதுவாக என்பதற்குப் பைய என்று சொல்லியே வளர்ந்தவன் நான். அந்தச் சொல் இல்லாத ஒரு ஊர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் விற்கிற ஊரில் இருக்கிறவருக்கும் வேறு மாதிரித் தோன்றியிருக்காது. சாயங்காலம் அச்சுக்குப் போகிற தாள் விடுதிக்கு வந்தது. இரண்டு பக்கம். படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். நான் படிக்கவில்லை. 'வடிவம்மாள் அவர்களுக்காக' என்று எழுதி, கீழே 'செ.மு.' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். தலைக்கு மேல் அப்படியொன்றும் வேலை இல்லை. வெறும் அலட்சியம்.

அடுத்த தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால் அது வெடித்தது. எதிர்க்கட்சிக்காரர் யாரோ அச்சான அவைக்குறிப்பைத் தேடிப் பிடித்துவிட்டார். 'எங்கள் கடைசிக் குளமான பரம்பங்குளத்திற்குத் தண்ணீர் பையில்தான் வருகிறது. பையில் வருகிற தண்ணீர் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.' பேப்பரில் கட்டம் கட்டி வந்தது. அப்புறம் சொல்லவா வேண்டும். மேடைக்கு மேடை, "குளத்துக்குப் பையில தண்ணி கேட்ட அறிவாளி" என்றார்கள். அக்காவுக்குப் 'பைத்தண்ணி' என்று பெயர் வைத்தார்கள். ஓட்டுக் கேட்டுப் போகிற தெருவில் எல்லாம் வாசலில் ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்சிக்காரர்களே வாயைப் பொத்திச் சிரித்ததை நான் பார்த்தேன்.

அக்காவோ, "எழுதுனவன் என்ன செய்வான், அவன் ஊர்ல பைய கெடையாதுபோல" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அக்கா, அவர் என்னிடம் கேட்டார், நான்தான் ஆமாம் என்றேன், கையெழுத்தும் நான்தான் போட்டேன் என்று. சொல்லவில்லை. கலையரசியை எனக்கு நிச்சயம் பண்ணி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எம்.எல்.ஏ.வுக்கு உதவியாளர் என்றுதான் பெண் கொடுக்கவே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. அத்தோடு சரி. அதன் பிறகு கட்சி அவருக்கு வாய்ப்புத் தரவே இல்லை.

இதெல்லாம் பழைய கதை என்று நானும் மறக்கப் பார்த்தேன். போன ஐப்பசியில் ஒரு நாள் காலை அக்கா கடைக்கு வந்தார். கூடவே பூதத்தான். அக்காவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி, ஆனால் குரல் அதே குரல். கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் போட்டார்.

"எல்லாத்துலயும் ரெண்டு காப்பி எடு. நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிகள் கூட்டம். நீயும் வா."

பூதத்தான் ஒரு நோட்டீஸை நீட்டினார். பல வருஷமாகத் தண்ணீர் வராததால் பரம்பங்குளத்தைப் பாசனக் குளங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம். பட்டியலிலிருந்து போய்விட்டால் அது குளம் இல்லை, வெறும் நிலம். என்ன வேண்டுமானாலும் கட்டலாம், கால்வாயைத் தூர்வார வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. "இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான் வே" என்றார் பூதத்தான். அவருக்குக் கேலி பேசக்கூட வரவில்லை. நோட்டீஸோடு ஒரு பின்னிணைப்பு இருந்தது. நான் வாசித்தேன்.

'பைகளில் தண்ணீர் வழங்கப்படுவது குறித்து அவையில் அளிக்கப்பட்ட உறுதிமொழி: பரம்பங்குளத்தில் தற்போது பைகளில் குடிநீர் வழங்கும் முறை இல்லை. இரண்டு பொதுக் குழாய்கள் அமைக்கப்பட்டுள்ளன. உறுதிமொழி நிறைவேற்றப்பட்டது.'

அக்கா ஒன்பது வருஷமாக அனுப்பிய மனுக்கள் எதற்கும் ஏன் வழி பிறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு மனுவும் அந்தக் கோப்பைப் போய் முட்டியிருக்கிறது. கோப்பில் 'நிறைவேற்றப்பட்டது' என்று இருந்திருக்கிறது. இதைச் செய்தது எந்த அலுவலகம் என்று சொல்லி இன்னொருத்தர் மேல் பழி போட நான் தயாரில்லை. அவர்கள் எழுத்தில் இருந்ததைச் செய்தார்கள். எழுத்தைக் கொடுத்தவன் நான். அக்காவின் பதவி போனது போதாதென்று, ஒரு ஊரின் குளத்தையும் நான் மூடியிருக்கிறேன்.

பிரதி எடுத்து முடித்தபோது கட்டின் அடியில் ஒரு மடித்த காகிதம் இருந்தது. எடுக்கப் போனேன். "அது வேண்டாம்" என்று வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார் அக்கா.

நாளைக்குக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். கலையரசி, "ஏன் ஒரு மாதிரி இருக்கிய?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே தாமிரபரணி ஓடுகிறது. பாலத்தில் வரும்போது பூதத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கன ஓடுதது நல்லாத்தான் ஓடுது" என்றார். கூட்ட அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள். கலெக்டர் வடக்கே வேலூர்ப் பக்கத்துக்காரர், பொறுமையாகக் கேட்கிறவர். பரம்பங்குளத்தின் முறை வந்ததும் கோப்பை எடுத்து வாசித்தவர் பொறியாளர் ஃபர்ஹத். முப்பது வயதிருக்கும் ஒரு பெண். வாசித்து முடித்து, "எனவே உறுதிமொழி நிறைவேற்றப்பட்டுள்ளது ஐயா, குளத்துக்குத் தொடர்ச்சியாக நீர்வரத்தும் இல்லை" என்றார்.

அரங்கில் பின்னாலிருந்து யாரோ, "பைத்தண்ணி" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த அவைக்குறிப்புல..."

அக்கா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "ஏலே, உக்காருலே. பைய" என்றார். தடுமாறி உட்கார்ந்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, வணக்கம். அதைப் பேசினது நான்தான். யம்மா, அந்த வரிய மட்டும் இன்னொருக்கா வாசி."

ஃபர்ஹத் வாசித்தார். "எங்கள் கடைசிக் குளமான பரம்பங்குளத்திற்குத் தண்ணீர் பையில்தான் வருகிறது."

"யாருக்குத் தண்ணி வருதுன்னு போட்டிருக்கு?"

"பரம்பங்குளத்திற்கு."

"ஊருக்கா, குளத்துக்கா?"

ஃபர்ஹத் தாளைப் பார்த்தார். "ஊர் பேரும் அதுதானேம்மா?"

"பேரு ஒண்ணுதான். முன்னால ஒரு வார்த்தை கெடக்கே, அதை விட்டுட்டுப் போறியே."

"கடைசிக் குளமான..." என்று மெதுவாகப் படித்த ஃபர்ஹத், நிமிர்ந்தார். "குளத்துக்குத்தாம்மா."

"சரி. அவைக்குறிப்பு பொய் சொல்லுமா ஐயா? சொல்லாது. எங்க குளத்துக்குத் தண்ணி பையிலதான் வந்திருக்கு. அந்தக் கொறையத் தீக்குதேன்னு அமைச்சர் சொல்லிட்டாவ. நீங்க தெருவுல ரெண்டு குழாயப் போட்டிய. நல்ல காரியம், எங்க ஆளுவ குடிக்காவ. ஆனா குளம் எங்கன போவும்? நூத்தி நாப்பது ஏக்கர் குளம் இடுப்புல குடத்த வச்சுக்கிட்டுக் குழாயடியில வரிசையில நிக்குமா?"

அரங்கம் அதிர்ந்தது. பின்னால் பைத்தண்ணி என்று சொன்னவனும் சிரித்திருப்பான், இந்தத் தடவை வேறு சிரிப்பு. கலெக்டருக்கும் உதடு பிரிந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"மனுசனுக்குப் பையில வந்தா குழாயில குடுக்கணும். குளத்துக்குப் பையில வந்தா கால்வாய்ல குடுக்கணும். குடுத்தியளா? குடுக்கல. அப்போ உறுதிமொழி எங்கன நிறைவேறிச்சு? நீங்க தண்ணி விடாம இருந்துட்டு, தண்ணி வரலன்னு குளத்தப் பட்டியல்லேருந்து எடுத்தா, சோறு போடாம இருந்துட்டு பிள்ள சாப்பிட மாட்டங்குன்னு சொல்லுத மாதிரிலா இருக்கு."

கலெக்டர் கோப்பை வாங்கி அந்த வரியைத் தானே ஒரு முறை படித்தார். "அம்மா சொல்வது சரி. எழுத்துப்படி பார்த்தாலே இது குளத்தைப் பற்றிய உறுதிமொழி. நிறைவேறியதாக எடுத்துக்கொள்ள முடியாது. பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு மதிப்பீடு தயார் செய்து அடுத்த கூட்டத்தில் வையுங்கள்" என்றார். பூதத்தான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஐந்து வருஷம் சபையில் எத்தனையோ பெரிய பேச்சாளர்களைக் கேட்டவன் நான். அன்றைக்கு அக்கா பேசியதைப் போல ஒன்றை அங்கே நான் கேட்டதில்லை. தன்னை ஊரே கேலி செய்து தோற்கடித்த அதே வரியைக் கையில் எடுத்து, ஒரு எழுத்தையும் மாற்றாமல், அதை வைத்தே ஜெயித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்கமும் தாங்கவில்லை.

வெளியே வந்தபோது ஃபர்ஹத் பின்னாலேயே ஓடி வந்தார். "அம்மா, நான் மேலப்பாளையந்தான். 'பைய'ன்னா எனக்குத் தெரியாதா? ஆனா ஃபைல்ல இருக்கறதைத்தானே நான் வாசிக்க முடியும்? இன்னைக்குக் கலெக்டர் கேட்டுக்கிட்டாங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, பைன்னா குடிதண்ணிதான்னு மறுபடி மூடிரலாம். நீங்க நெசமாவே 'பைய'ன்னுதான் பேசினியன்னு காட்ட ஏதாவது தாளு இருந்தா, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டாங்க. அப்புறம் யாராலயும் மூட முடியாது."

"பாக்குதேம்மா" என்றார் அக்கா.

பூதத்தான் வேறு பஸ்ஸில் போய்விட்டார். திரும்புகிற பஸ்ஸில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில். நாங்குநேரி தாண்டியதும் அவர் கைப்பையைத் திறந்து அந்த மடித்த காகிதத்தை என் மடியில் வைத்தார்.

இரண்டு தாள். ஒன்று, அச்சுக்குப் போவதற்கு முன் விடுதிக்கு வந்த பக்கத்தின் பிரதி. 'பையில்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'முதலில் பைய என்று கேட்டது. தொலைபேசியில் உதவியாளர் உறுதி செய்தார்.' கீழே என் கையெழுத்து, 'செ.மு.' இன்னொன்று, அதோடு சட்டமன்றச் செயலகத்திலிருந்து அக்காவுக்கு வந்த கடிதம். 'தவறு தங்கள் உதவியாளருடையது எனத் தாங்கள் எழுத்து மூலம் தெரிவித்தால் பிழைதிருத்தம் வெளியிடப்படும்.' தேதியைப் பார்த்தேன். தேர்தலுக்கு ஐந்து வாரம் முன்பு.

"அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா, பேப்பர்ல போட்டிருப்பான். நீங்க ஜெயிச்சிருப்பிய."

"ஜெயிச்சிருப்பேன். பேப்பர்ல உன் பேரும் வந்திருக்கும். வந்திருந்தா கலையரசி அப்பா பொண்ணு குடுத்திருப்பாரா? அந்தப் பிள்ளைக்கு உன்மேல அம்புட்டு ஆசை. எனக்கென்ன, எம்.எல்.ஏ. பதவி நான் கேட்டா வந்துச்சு? ஒரு கட்டத்த எவனோ நிரப்பாம விட்டதுல வந்துச்சு. நீ ஒரு எழுத்தப் பாக்காம விட்டதுல போச்சு."

நான் அழுதுவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தக் 'கடைசிக் குளமான பரம்பங்குளம்' நீ போட்டதுதான? நான் 'கடைசிக் குளத்துக்கு'ன்னு மட்டுந்தான் பேசினேன், எந்தக் குளம்னு பேரச் சொல்லல. அது இல்லன்னா இன்னைக்கு எனக்கு வாயே இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இன்ஜினியர் பிள்ள கேட்ட தாளு இதுதான். குடுத்தா உன் பேரு வெளிய வரும். இதுவரைக்கும் நான் குடுக்கல. இனி உன் பாடு" என்றார்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. கலையரசியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

நான் மெஷினைத் திறந்து அந்தப் பக்கத்தை வைத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஒரு வித்தை தெரியும். வேண்டாத இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தை வைத்து மூடினால், பிரதியில் அந்த இடம் வெறுமையாக வரும். எத்தனை பேருக்கு அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பழக்கத்தில் என் கை ஒரு துண்டை எடுத்து 'செ.மு.' மேல் வைத்தேவிட்டது. பென்சிலில் எழுதிய வரி இருந்தாலே போதும், கையெழுத்து எதற்கு என்று மனசு ஒரு நியாயம் பேசியது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துக் கசக்கிப் போட்டேன். இரண்டு பிரதி எடுத்தேன். இரண்டிலும் அடியில் பேனாவால் எழுதினேன்: 'உறுப்பினர் பேசியது பையில் அல்ல, பைய. தவறு என்னுடையது.' கீழே செந்தில்முருகன் என்று முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் 'வடிவம்மாள் அவர்களுக்காக' என்றிருந்த தன் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்று ஒரு குத்துக் குத்தினார். பிறகு தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"ஏலே, 'பைய'ங்கறதுக்குப் பக்கத்துல 'மெதுவாக'ன்னு ஒரு வார்த்தை போடு. வடக்கத்தி ஆளுவளுக்கு மறுபடியும் வெளங்காமப் போயிறப் போவுது."

போட்டேன்.